முதலாமாண்டு நூலக அறிமுக வகுப்பு: யாருக்காவது பயன் உண்டா?

கிடங்குச்சாவி | திங்கள், இரவு 9:12

காவிரி டெல்டாப் பக்கம் ஓர் உதவிபெறும் கல்லூரியில் 18 வருடமாக நூலகராக இருக்கிறேன். ஒரு சந்தேகம், கூடவே கொஞ்சம் புலம்பல். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வருடா வருடம் கல்லூரி திறந்த இரண்டாவது வாரம் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பேன். ஒரு செட்டுக்கு 60 பேர், ஒரு மணி நேரம், 48 ஸ்லைடு. ஓபேக் என்ற கணினி நூற்பட்டியலில் புத்தகம் தேடுவது, கல்லூரிகளுக்கு மின்னிதழ் தரும் என்-லிஸ்ட்டில் லாகின், மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால் என்ன கிடைக்கும், தேடுசொற்களை அண்ட்-ஆர்-நாட் போட்டு இணைப்பது என்று ஒன்று விடமாட்டேன். பிள்ளைகள் தலையாட்டும். கடைசியில் ஒரே ஒரு கேள்வி வரும்: "சார், புக்கு எத்தனை நாள் வச்சுக்கலாம்?"

போன மார்ச்சில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாமாண்டுத் தம்பி ஒருவன் புராஜெக்ட்டை பைண்டிங்குக்குக் கொடுக்கும் முன்னால் பிளேஜியரிசம் ரிப்போர்ட் வாங்க வந்தான். வெட்டிவேர்ச் சாறு எந்தெந்தக் கிருமியைத் தடுக்கும் என்பது தலைப்பு. ரிப்போர்ட் 6% காட்டியது. அருமை. சும்மா கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். 14 ரெஃபரன்ஸ். மூன்றாவதில் கண் நின்றது, எனக்குத் தெரிந்த இதழ். தளத்தைத் திறந்து அந்த வால்யூம், அந்தப் பக்க எண்ணுக்குப் போனால் அங்கே மீன் செதிலைப் பற்றி வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள். சரி, ஒவ்வொரு கட்டுரைக்கும் நிரந்தர அடையாளமாகத் தரும் டிஓஐ எண்ணைப் போட்டுப் பார்ப்போம் என்று போட்டேன். அதுவும் திறந்தது. சிமென்ட் கலவை பற்றிய கட்டுரை. ஆசிரியர் பெயரைத் தேடினேன். ஆள் நிஜம்தான், இதயநோய் நிபுணர். இதழ் நிஜம், ஆள் நிஜம், எண் நிஜம், கட்டுரை மட்டும் கிடையாது. அப்படியே உட்கார்ந்து 14-ஐயும் பார்த்தேன். அதில் 9 கட்டுரை இல்லவே இல்லை.

"ஏஐ-கிட்ட கேட்டேன் சார், அதுவே ஏபிஏ ஸ்டைல்ல போட்டுக் குடுத்துச்சு" என்றான். ரெஃபரன்ஸ் எழுதும் முறைகளில் ஒன்று அது. பொய் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை. தப்பு என்றே அவனுக்குத் தெரியவில்லை. என் வகுப்பில் உட்கார்ந்த பையன்தான், வருகைப் பதிவில் கையெழுத்து இருக்கிறது. கைடும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவரிடம் சொன்னதற்கு, "ரெஃபரன்ஸ் லிஸ்ட்டை எல்லாம் யார் சார் உக்காந்து பாக்குறா?" என்றார்.

48 ஸ்லைடு ஓட்டுவதால் என்ன பயன்? உங்கள் ஊரில் என்ன செய்கிறீர்கள்?

---

பழையசோறு | திங்கள், இரவு 9:50

நான் அந்தக் கைடு இல்லை. ஆனால் அவர் ஜாதிதான், பொருளியல் துறை.

சார், கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். இந்தப் பருவத்தில் எனக்கு 11 புராஜெக்ட். வாரம் 16 மணி நேரம் வகுப்பு. கல்லூரிக்குத் தர மதிப்பீடு செய்யும் நாக் கமிட்டி வருகிறது என்று ஏழு கோப்பு. ரெஃபரன்ஸ் ஒன்றுக்குப் பத்து நிமிடம் வைத்து நீங்களே கணக்குப் போடுங்கள்.

"தகவல் எழுத்தறிவுப் பயிற்சி" என்று எங்கள் கல்லூரியிலும் வருடம் ஒன்று நடக்கும். பேனர், குத்துவிளக்கு, பொன்னாடை, ஜியோடேக் போட்டோ, மாலைக்குள் மின்சான்றிதழ். வந்த விருந்தினர் 40 தரவுத்தளங்களின் பெயரை வரிசையாகச் சொல்லிவிட்டுப் போனார். அதில் 35-க்கு எங்கள் கல்லூரியில் சந்தாவே கிடையாது. பசித்தவனுக்கு மெனு கார்டை வாசித்துக் காட்டியது போல.

---

ஈரக்காகிதம் | திங்கள், இரவு 10:31

முனைவர் பட்ட ஆய்வு, மூன்றாம் வருடம். ஆராய்ச்சி, வெளியீட்டு நெறிமுறை என்று 2 கிரெடிட் தாளை யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2019 கடைசியில் கட்டாயமாக்கியது அல்லவா, 30 மணி நேரம், 6 அலகு. நானும் படித்தேன், எழுதினேன், தேறினேன். போலி இதழ் என்றால் என்ன என்று ஐந்து மதிப்பெண் கேள்வி வந்தது. பத்து வரி எழுதினேன், முழு மதிப்பெண்.

அதே மாதம் ஒரு போலி இதழில் கட்டுரையும் அனுப்பினேன். 😐

யுஜிசி ஏற்கும் இதழ்களின் கேர் பட்டியலில் இருந்த பெயர், இதழுக்கான அதே ஐஎஸ்எஸ்என் எண். கூகுளில் போட்டதும் முதலில் வந்த தளத்தில் அனுப்பினேன். நான்கு நாளில் ஏற்றுக்கொண்டோம் என்று கடிதம், கூடவே ஜிபே எண். டீக்கடையில் சீனியர் அக்காவிடம் சந்தோஷமாகக் காட்டினேன். அக்கா கேட்ட முதல் கேள்வி: "இது அச்சுல வர்ற பழைய பத்திரிகைடி, அவங்களுக்கு எப்ப வெப்சைட் வந்துச்சு?" அப்புறம் ஃபோனிலேயே காட்டினார். தளத்தின் முகவரியைப் பதிவு செய்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. பழைய இதழ்கள் என்று போட்டிருந்த கட்டுரைகளில் ஒன்றுக்குக்கூட டிஓஐ வேலை செய்யவில்லை. உண்மையான இதழின் பெயரைத் திருடி யாரோ கடை போட்டிருக்கிறார்கள். நல்லவேளை, பணம் அனுப்பவில்லை.

30 மணி நேரத்தில் கிடைக்காதது ஒரு டீக்கு ஆகும் நேரத்தில் கிடைத்தது. அக்கா என் கட்டுரையை வைத்துச் சொல்லிக்கொடுத்தார், அதுதான் வித்தியாசம் என்று நினைக்கிறேன்.

---

நாலாம்விதி | செவ்வாய், காலை 7:05

தங்கை சொன்னதில் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. அந்த அக்கா கடைக்குள் நுழையவே இல்லை, வெளியே நின்று விசாரித்திருக்கிறார்.

நாம் வகுப்பில் சொல்லிக்கொடுப்பது நேர்மாறாக. 2004-இல் கலிஃபோர்னியாவில் சிக்கோ என்ற ஊரின் பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் தயாரித்தார்கள். புதியதா, பொருத்தமா, எழுதியவர் யார், துல்லியமா, நோக்கம் என்ன என்று ஐந்து கேள்வி. உலகம் முழுக்கப் பரவி நம் ஸ்லைடுகளிலும் வந்து உட்கார்ந்துவிட்டது. சிக்கல் என்னவென்றால், அந்தக் கேள்விக்கெல்லாம் பதிலை அந்தப் பக்கத்திலேயே தேடுகிறோம். போலிக் கடைக்காரன் ஐந்துக்கும் பதிலை அலங்காரமாக எழுதி வைத்திருப்பான். ஆசிரியர் குழு, இம்பாக்ட் ஃபேக்டர், பல்கலைக்கழக முத்திரை, எதில் குறை?

பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது மாப்பிள்ளை எப்படி என்று மாப்பிள்ளை வீட்டிலேயேவா கேட்போம்? காபி குடித்துவிட்டு வெளியே வந்து தெருமுனை மளிகைக் கடையில் கேட்போம், அவர் வேலை செய்யும் இடத்தில் நம் ஆள் யாராவது இருக்கிறாரா என்று பார்ப்போம். நம் அப்பத்தாக்களுக்கு இது தெரியும். பி.எச்டி. படித்தவர்கள்தான் மறந்துவிடுகிறோம்.

2017-இல் ஸ்டான்ஃபோர்டின் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் இதைச் சோதித்தே பார்த்தார்கள். முனைவர் பட்டம் பெற்ற 10 வரலாற்றாய்வாளர்கள், 10 செய்திச் சரிபார்ப்பாளர்கள், 25 ஸ்டான்ஃபோர்ட் இளங்கலை மாணவர்கள். ஒரு சோதனையில் இரண்டு குழந்தை மருத்துவ அமைப்புகளின் தளங்களைக் காட்டி எது நம்பகமானது என்று கேட்டார்கள். ஒன்று பல்லாயிரம் மருத்துவர்கள் உள்ள பழைய அமைப்பு. இன்னொன்று ஓரினத் தம்பதியர் குழந்தை தத்தெடுப்பதை எதிர்த்து 2002-இல் பிரிந்துபோன சிறு குழு. இரண்டின் பெயரும் அண்ணன் தம்பி போல இருக்கும். மாணவர்களில் பெரும்பாலோர் சிறு குழுவின் தளத்தைத்தான் நம்பினார்கள், பார்க்க லட்சணமாக இருந்ததாம். வரலாற்றாய்வாளர்கள் பலரும் அந்தப் பக்கத்தையே ஊன்றி ஊன்றிப் படித்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ வந்த வேகத்தில் வெளியேறிப் புது டேப் திறந்து, மற்றவர்கள் அந்த அமைப்பைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள்.

ஊன்றிப் படி என்றுதான் காலகாலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இங்கே முதலில் படிக்காதே, விசாரி என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

கிடங்குச்சாவி சார், 48 ஸ்லைடில் 47-ஐத் தூக்கிவிட்டு இந்த வரன் பார்க்கும் கதையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

---

பழையசோறு | செவ்வாய், காலை 8:20

கதை நன்றாக இருக்கிறது. ஆனால் எங்களுக்கு விசாரிக்க விருப்பமே இருந்ததில்லை சார். "பட்டியலில் இருக்கிறதா?" ஒரே கேள்வி, ஒரே பதில். 2025 பிப்ரவரியில் யுஜிசி அந்த கேர் பட்டியலையே எடுத்துவிட்டது. சில அளவுகோல்களைக் கொடுத்து, இனி நல்ல இதழ் எது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் என்றது. எங்கள் ஆசிரியர் அறையில் துக்க வீடு போல இருந்தது. ஒருவர் நிஜமாகவே கேட்டார்: "அப்ப பட்டியல் இல்லாம எப்படிங்க கண்டுபிடிக்கிறது?" 22 வருட அனுபவம் அவருக்கு.

---

நாலாம்விதி | செவ்வாய், காலை 8:41

அதுவேதான். அந்த 22 வருடக்காரருக்குத்தான் முதல் வகுப்பு எடுக்க வேண்டும். பையனுக்கு அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.

---

பனங்கொட்டை | செவ்வாய், பகல் 1:15

யாழ்ப்பாணத்திலயிருந்து ஒரு குரல். எல்லாருக்கும் வணக்கம்.

நீங்கள் கதைக்கிறது எல்லாம் தேடி எடுத்ததுக்குப் பிறகு வாற பிரச்சினை. எங்கட பெடியளுக்குத் தேடுறதே பிரச்சினை. ஏ.எல். (உங்கட பன்னிரண்டாம் வகுப்பு மாதிரி) வரைக்கும் உயிரியல் தமிழில படிச்சிட்டு வருவினம். கம்பசில விஞ்ஞான பீடம் முழுக்க ஆங்கிலம். "ஒளித்தொகுப்பு" எண்டால் நித்திரையிலும் விளக்குவினம். ஆனால் தேடுபெட்டியில என்ன சொல்லைப் போடுறது எண்டு முழிப்பினம். போதாக்குறைக்கு நாங்கள் ஒளித்தொகுப்பு எண்டுறதை நீங்கள் ஒளிச்சேர்க்கை எண்டுவியள். தமிழிலயே தேடினாலும் பாதிதான் வரும்.

நான் முதல் வகுப்பில தரவுத்தளம் ஒண்டும் காட்டுறதில்லை. வெள்ளைத்தாள் ஒண்டு குடுத்து, உங்கட தலைப்பை அம்மம்மாவுக்குச் சொல்லுற மாதிரித் தமிழில எழுதுங்கோ எண்டு சொல்லுவன். பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில ஆங்கிலச் சொல், அதுக்கு இன்னொரு பேர், தாவரம் எண்டால் லத்தீன் பேர். வெட்டிவேர் எண்டு எழுதின பிள்ளை அதின்ர தாவரவியற் பேரைக் கண்டுபிடிச்சு, அது பழைய பேர், இப்ப வேற பேரில வகைப்படுத்தியிருக்கு எண்டதையும் கண்டுபிடிக்கேக்க முகத்தைப் பாக்கோணும். இரண்டு பேரையும் போட்டுத் தேடினால்தான் முழுசா வரும். 20 நிமிசத்தில அந்த ஒரு தாள் நிரம்பினால் பிறகு தேடுறது சுகம்.

---

ஈரக்காகிதம் | செவ்வாய், பகல் 1:40

அண்ணா, அந்தத் தாள் யோசனையை நான் எடுத்துக்கொள்கிறேன். தமிழில் ஆய்வு செய்பவர்களுக்கு இன்னொரு கொடுமையும் இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பிடிஎஃப். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். யூனிகோடில் "சிலப்பதிகாரம்" என்று எத்தனை முறை தேடினாலும் அந்த ஆய்வேடு அகப்படாது. அதே காரணத்தால் அதைப் பார்த்து எழுதினாலும் மென்பொருளுக்குத் தெரியாது. "எனக்கு 0%" என்று பெருமையடிக்கும் அண்ணன் ஒருவர் எங்கள் துறையில் இருக்கிறார்.

---

பனங்கொட்டை | செவ்வாய், பகல் 1:52

அந்த அண்ணைக்கு எங்கட ஊரிலயும் சொந்தக்காரர் இருக்கினம். 😀

---

வேகத்தடை | செவ்வாய், மாலை 6:30

கணினி அறிவியல் உதவிப் பேராசிரியர், வயது 29. கொஞ்சம் எதிர்க்கருத்து சொல்லலாமா?

இந்த இழை முழுக்கக் குதிரை வண்டிக்காரர்கள் மோட்டார் காரைத் திட்டுவது போல இருக்கிறது. பிள்ளைகள் ஏஐ-யை விடப்போவதில்லை. அண்ட்-ஆர்-நாட் சொல்லிக்கொடுப்பதற்குப் பதில் ஏஐ-யிடம் ஒழுங்காகக் கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுங்கள். தேடிப்பார்த்து இணைப்போடு பதில் தரும் கருவிகள் வந்துவிட்டன. நாளைக்கு இந்தப் பொய் ரெஃபரன்ஸ் பிரச்சினையே இருக்காது.

---

நாலாம்விதி | செவ்வாய், இரவு 8:02

தம்பி, பாதி ஒப்புக்கொள்கிறேன். அண்ட்-ஆர்-நாட் ஸ்லைடுக்கு நானும் எதிரிதான். ஆனால் இணைப்பு இருந்தால் பிரச்சினை தீர்ந்தது என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

"வெஜிடேட்டிவ் எலக்ட்ரான் மைக்ராஸ்கோபி" என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அப்படி ஒரு நுண்ணோக்கியே உலகத்தில் கிடையாது. 1950-களில் வந்த ஒரு நுண்ணுயிரியல் கட்டுரையை ஸ்கேன் செய்தபோது, இடது பத்தியில் இருந்த "வெஜிடேட்டிவ்" என்ற சொல்லும் வலது பத்தியில் இருந்த "எலக்ட்ரான் மைக்ராஸ்கோபி"யும் ஒட்டிக்கொண்டன. பாரசீக எழுத்தில் "ஸ்கேனிங்" என்பதற்கும் "வெஜிடேட்டிவ்" என்பதற்கும் ஒரு புள்ளிதான் வித்தியாசம் என்பதால் மொழிபெயர்ப்பிலும் அது புகுந்தது. இன்றைக்கு அச்சேறிய ஆய்வுக் கட்டுரைகளில் இருக்கிறது, ஏஐ-யின் வாயிலும் வருகிறது. இணைப்பைச் சொடுக்கினால் அங்கேயும் அதே குப்பைதான்.

இன்னொன்று. 2018 யுஜிசி விதிப்படி ஒப்புமை 10% வரை தண்டனை இல்லை. நல்ல நோக்கம்தான். ஆனால் பிள்ளைகளுக்கு அது ஒரு எண் விளையாட்டாகிவிட்டது. வார்த்தையை மாற்றிக்கொடுக்கும் மென்பொருளில் போட்டு 38-ஐ 9 ஆக்குகிறார்கள். உலகம் முழுக்க இந்தக் கதைதான். "ஆர்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்" என்பது "கவுன்டர்ஃபிட் கான்ஷியஸ்னஸ்" ஆகிறது, அதாவது கள்ளப் பிரக்ஞை. "பிரெஸ்ட் கேன்சர்" என்பதற்கு "புஸம் பெரில்" என்று வந்திருக்கிறது, அதாவது மார்பு ஆபத்து. கியோம் கபனாக் என்ற பிரெஞ்சு ஆய்வாளரும் சகாக்களும் 2021-இல் இதற்குச் சித்திரவதைப்பட்ட சொற்றொடர்கள் என்றே பெயர் வைத்தார்கள். நான் வகுப்பில் இந்த இரண்டையும் பலகையில் எழுதி, மூலச் சொல் என்ன என்று கேட்பேன். விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அப்புறம் ஒரு மூலையில் யாராவது சத்தமில்லாமல் தன் ஆய்வறிக்கையைத் திறந்து பார்ப்பார்கள். அந்த ஒரு ஆளுக்காகத்தான் வகுப்பே.

---

வேகத்தடை | செவ்வாய், இரவு 8:15

புள்ளி விஷயம் செம. ஒப்புக்கொள்கிறேன், என் வகுப்பில் நாளைக்கே சொல்கிறேன். குதிரை வண்டி என்றதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மாட்டு வண்டி.

---

அல்லிக்குளம் | செவ்வாய், இரவு 10:10

கோவைப் பக்கம் பொறியியல் கல்லூரி நூலகர். ஆசிரியர்களுக்கு எப்படி எடுப்பது என்ற கேள்வி நடுவில் தொலைந்துவிட்டது, அதற்கு வருகிறேன்.

"பயிற்சி" என்று சுற்றறிக்கை விட்டால் பேராசிரியர் யாரும் வரமாட்டார். நூலகர் வந்து எனக்குத் தேடக் கற்றுத்தருவதா என்ற எண்ணம், வெளியே சொல்லமாட்டார்கள். மாணவர்களோடு சேர்த்து உட்கார வைத்தாலோ போச்சு, தெரியாததைக் கேட்கவே மாட்டார்கள். மூன்று வருடம் காலி நாற்காலிகளுக்கு முன் பேசிவிட்டுத்தான் எனக்குப் புத்தி வந்தது. பெயரை மாற்றினேன்: "உங்கள் கூகுள் ஸ்காலர், ஆர்சிட், வித்வான் பக்கங்களைச் சரிசெய்து தருகிறோம். முன்பதிவு அவசியம்." ஓர் ஆய்வாளரின் கட்டுரைகளைப் பட்டியலிட்டுக் காட்டும் தளங்கள் இவை. மறுநாளே வரிசை நின்றது.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். வெளிநாட்டு இதழ் அதை விரித்து அப்பா பெயரைக் கடைசிப் பெயராக்கும், இன்னொன்று ஊர்ப் பெயரை. ஒரே ஆள் நான்கு ஆளாகச் சிதறிக் கிடப்பார், நான்கு ஆள் ஒரே ஆளாகவும் ஆகிவிடுவார்கள். மெக்கானிக்கல் துறைத் தலைவர் ஒருவர் வந்தார். அவர் பக்கத்தைத் திறந்தால் கடைவாய்ப் பல் வேர் சிகிச்சை பற்றி ஏழு கட்டுரை! அதையெல்லாம் நீக்கினோம். மேற்கோள் எண்ணிக்கை பொத்தென்று இறங்கியதில் மனிதருக்கு முகம் சுண்டிவிட்டது. பாவம்.

அப்புறம்தான் சுவாரசியம். "சரிம்மா, என்னை உண்மையா யார் சைட் பண்ணிருக்கா?" என்றார். ஒவ்வொன்றாகச் சொடுக்கினோம். ஒரு கட்டுரை திரும்பப் பெறப்பட்டது என்று சிவப்பில் இருந்தது. அப்படியும் நடக்குமா என்றார். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைத் தொகுக்கும் ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளத்தைக் காட்டினேன், 2023-இல் டிஓஐ எண்களைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பு வாங்கியபின் முழுத் தரவையும் யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஜோட்டெரோ என்ற ரெஃபரன்ஸ் மென்பொருளில் நம் ரெஃபரன்ஸைப் போட்டு வைத்தால் திரும்பப் பெறப்பட்டதை அதுவே எச்சரிக்கும் என்றதும், "அதை என் லேப்டாப்ல ஏத்திக் குடும்மா" என்றார். ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பயிற்சி என்ற வார்த்தையை நான் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

---

பழையசோறு | புதன், காலை 7:48

மேடம், இது உளவியல் போர். 🙏 அப்படியே ஆபீஸ் பக்கமும் ஒரு பார்வை பாருங்கள். பரீட்சை தள்ளிவைப்பு என்று லெட்டர்ஹெட்டோடு வாட்ஸ்அப்பில் வந்த போலிச் சுற்றறிக்கையை எங்கள் கண்காணிப்பாளர் எல்லாத் துறைக்கும் அனுப்பிவிட்டார். பாதிப் பிள்ளைகள் ஊருக்கு பஸ் ஏறிவிட்டார்கள். தேதியும் கிழமையும் பொருந்தவில்லை என்று கடைசியில் கண்டுபிடித்தவர் தோட்டக்காரர். தினசரி காலண்டர் கிழிப்பவர் அவர்தான்.

---

கிடங்குச்சாவி | வெள்ளி, மாலை 5:55

எல்லோருக்கும் நன்றி. நான்கு நாளாகப் பதில் போட முடியவில்லை.

அறிமுக வகுப்பைப் பத்து நிமிடமாகக் குறைக்கிறேன். புத்தகம் எத்தனை நாள், கழிவறை எங்கே, என் இருக்கை எங்கே, அவ்வளவுதான். மிச்ச நேரத்தை ஜனவரிக்குத் தள்ளிவிட்டேன். புராஜெக்ட் தலைப்பு கையில் இருக்கும்போது துறை துறையாக, பனங்கொட்டை சொன்ன வெள்ளைத்தாளோடு. பிப்ரவரியில் இன்னொரு முறை, அவரவர் ரெஃபரன்ஸ் பட்டியலோடு. பட்டியலை மாற்றிக்கொண்டு ஒருவர் இன்னொருவருடையதில் ஐந்தை மட்டும் விசாரிக்க வேண்டும். ஆளுக்கு 14 என்றால் பழையசோறு சார் அடிக்க வருவார்.

இன்னொரு சமாச்சாரம். அந்தக் கைடு நேற்று நாலரை மணிக்கு வந்தார். நூலகம் காலியாக இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். பையிலிருந்து ஒரு பிரிண்ட் அவுட், அவருடைய கட்டுரை, 32 ரெஃபரன்ஸ். "சும்மா ஒரு தடவை பாத்துடுங்க சார், பசங்க கிட்ட சொல்ல வேண்டாம்" என்றார். நான் பார்க்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவரையே மவுஸைப் பிடிக்கச் சொன்னேன். ஆறு மணிக்கு அட்டெண்டர் விளக்கை அணைக்க வரும்வரை 19 முடித்திருந்தோம். இரண்டு கிடைக்கவில்லை.

---

ஈரக்காகிதம் | வெள்ளி, மாலை 6:20

சார், அந்த இரண்டும் அவர் எழுதியதா, அதுவே போட்டுக் குடுத்ததா?

---

கிடங்குச்சாவி | வெள்ளி, மாலை 6:24

கேட்கவில்லை அம்மா. திங்கட்கிழமை மிச்சம் 13-க்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.